இந்த வசனத்துக்கு இதுதான் பொருளா? ஆதித் திருச்சபை வேதம் வாசித்த விதம்: கேள்விகளும் பதில்களும்

ஞாயிறு மாலை வேதபாட வகுப்பில் ஒரு பெரியவர் கேட்டார்: "எல்லாரும் வேதாகமத்தைத்தான் காட்டுகிறார்கள். இவரும் வசனம் சொல்கிறார், அவரும் வசனம் சொல்கிறார். யார் சொல்வது சரி என்று எங்களைப்போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?" அன்று என்னால் நிறைவாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய சபைப் பிதாக்களை மறுபடி எடுத்து வாசித்தேன். இதே கேள்வியால் அவர்களும் தூக்கம் இழந்திருக்கிறார்கள். அதன்பின் வகுப்பில் தொடர்ந்து வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆதித் திருச்சபை என்று எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

அப்போஸ்தலர் காலம் முடிந்ததிலிருந்து ஏறக்குறைய 450ஆம் ஆண்டு வரை. இடம், ரோமப் பேரரசும் அதன் கிழக்கு எல்லையும்: எகிப்தின் அலெக்சாந்திரியா, சிரியாவின் அந்தியோகியா, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ், இன்றைய பிரான்சிலுள்ள லியோன், சிரியாக் மொழி பேசிய எதேசா. இவர்கள் எல்லாரும் ஒரே கருத்துடையவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டவர்கள்.

நம்மைப்போல ஒரே புத்தகமாக வேதாகமம் அவர்கள் கையில் இருந்ததா?

இல்லை. தோல் சுருளிலும் நாணல்தாள் ஏட்டிலும் தனித்தனி நூல்களாக இருந்தன. பெரும்பாலானவர்கள் வேதத்தை வாசித்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம். சபை கூடும்போது ஒருவர் உரக்க வாசிப்பார், ஆயர் எழுந்து விளக்குவார். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்று நாம் எண்ணுகிறபடியே முதன்முதலில் ஒரு பட்டியலில் காண்பது 367இல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய பஸ்கா கடிதத்தில்தான்.

ஆகவே எதை வாசிப்பது, எப்படி வாசிப்பது என்ற இரண்டு கேள்விகளும் அவர்களுக்குச் சேர்ந்தே வந்தன. கருங்கடல் கரையிலுள்ள சினோப்பே ஊரைச் சேர்ந்த மார்சியன், பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று சொல்லி, பழைய ஏற்பாடு முழுவதையும் தள்ளினார். லூக்கா நற்செய்தியை வெட்டித் திருத்தி, பவுலின் பத்து நிருபங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டார். 144இல் ரோமச் சபை அவரை விலக்கியது. பிடிக்காத பகுதியைக் கத்தரித்துவிட்டால் பொருள் சொல்லவேண்டிய பாரம் இல்லை. சபை அந்த எளிய வழியை மறுத்தது. கடினமான பக்கங்களையும் கையில் வைத்துக்கொண்டே பொருள் தேடவேண்டும் என்ற கட்டாயம் அங்கிருந்து வந்தது.

வேதத்தை வேதமே விளக்கும் என்கிறோமே. பிறகு எதற்கு வழிகாட்டி?

இந்தக் கேள்விக்கு லியோன் ஆயர் இரேனியுஸ் சுமார் 180இல் சொன்ன பதிலை மிஞ்சியது எதையும் நான் இன்றுவரை வாசிக்கவில்லை.

அவர் ஊரைச் சுற்றி, இரகசிய ஞானம் போதித்த வாலண்டினஸ் என்பவரின் மாணவர்கள் இருந்தார்கள். யோவான் நற்செய்தியிலிருந்தும் பவுலின் நிருபங்களிலிருந்தும் சொற்களை எடுத்து, முப்பது தெய்வீகத் தத்துவங்கள் அடங்கிய ஒரு பெரிய புராணத்தைக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் வேதத்தில் இருப்பதுதான். அப்படியானால் தவறு எங்கே?

இரேனியுஸ் ஓர் உவமை சொல்கிறார். கைதேர்ந்த கலைஞன் ஒருவன் விலையுயர்ந்த கற்களைப் பதித்து ஓர் அரசனின் உருவத்தைச் செய்திருக்கிறான். இன்னொருவன் வந்து அந்தக் கற்களைப் பெயர்த்து, இடம் மாற்றி, நாயாகவோ நரியாகவோ பதித்துவிடுகிறான், அதுவும் மோசமாக. பிறகு அந்தக் கற்களையே காட்டி, "இவை அரசனின் உருவத்தில் இருந்த அதே கற்கள்தானே? ஆகவே இதுதான் அரசன்" என்கிறான். அரசன் முகத்தைப் பார்த்தேயிராதவன் அதை நம்பிவிடுவான்.

கல் உண்மையானது. நரி பொய். இந்த உவமையை வாசித்த அன்று எங்கள் வகுப்பில் சற்றுநேரம் யாரும் பேசவில்லை. ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு, காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்று போதிக்கப்பட்டு, இருந்த நகையையும் இழந்த குடும்பம் ஒன்று எங்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் காட்டப்பட்ட வசனம் வேதாகமத்தில் இருப்பதுதான்.

சரி, அரசனின் முகம் எப்படித் தெரியும்?

ஞானஸ்நானத்தின்போது பெற்றுக்கொண்ட "சத்திய விதி"யால் தெரியும் என்கிறார் இரேனியுஸ். வானத்தையும் பூமியையும் படைத்த ஒரே பிதா, நம் மீட்புக்காக மனிதரான ஒரே கிறிஸ்து, தீர்க்கதரிசிகள் வழியாகப் பேசிய பரிசுத்த ஆவி: இந்தச் சுருக்கமே அந்த விதி. பிற்காலத்து விசுவாசப்பிரமாணங்களின் தாய் என்று இதைச் சொல்லலாம். இதை மனத்தில் தாங்கியவன் கற்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, எந்தக் கல் எந்த இடத்துக்குரியது என்று திரும்ப வைப்பான். எழுத்தறியாத அயல் இனத்தார் பலர், தாளும் மையும் இல்லாமலே இந்த விசுவாசத்தை இருதயத்தில் எழுதப்பெற்றிருக்கிறார்கள் என்றும் அவர் எழுதுகிறார்.

அவருக்கு இது வெறும் கோட்பாடு இல்லை. சிறுவனாக இருந்தபோது, யோவானைக் கண்டவரான சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப்பு பேசக் கேட்டவர் அவர். வழிதவறிப்போன பழைய நண்பர் புளோரினுக்கு எழுதிய கடிதத்தில், "அவர் உட்கார்ந்து பேசிய இடத்தைக்கூட என்னால் சொல்ல முடியும்" என்கிறார். அண்மையில் நடந்ததைவிட அந்த நாட்களே தனக்கு நன்றாக நினைவிருக்கின்றன என்கிறார். அரசன் முகத்தை நேரில் பார்த்தவரிடம் கேட்டு வளர்ந்தவரின் உறுதி அது.

வேதத்திலிருந்து விதி, விதியிலிருந்து வேதத்தின் பொருள். இது ஒன்றையொன்று தாங்கிச் சுற்றும் வாதம் இல்லையா?

ஓரளவுக்கு ஆம், அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் எந்த நூலையும் நாம் அப்படித்தான் வாசிக்கிறோம். குறள் ஒன்றின் பொருளை அந்த அதிகாரம் காட்டுகிறது, அதிகாரத்தின் பொருள் அதன் குறள்களால் விளங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. வாலண்டினஸின் மாணவர்கள், தங்களுக்கு மட்டும் இரகசியமாக வந்த போதனை என்றார்கள். இரேனியுஸ் காட்டிய விதி பகிரங்கமானது. ரோமுக்குப் போய்க் கேட்கலாம், எபேசுவில் கேட்கலாம், சிமிர்னாவில் கேட்கலாம், ஞானஸ்நானம் பெற வரும் அடிமைப் பெண்ணிடமும் அது சொல்லப்படுகிறது. யாரும் சோதித்துப் பார்க்கக்கூடியதற்கும், "எனக்கு மட்டும் வெளிப்பட்டது" என்பதற்கும் இருக்கும் வேறுபாடு இன்றைக்கும் நமக்குப் பயன்படும்.

தெர்த்துல்லியன் வாதாடவே வேண்டாம் என்றாராமே?

சுமார் 200இல், கார்த்தேஜில். போலிப் போதகர்களோடு வசனத்துக்கு வசனம் மோதினால் தலைவலிதான் மிஞ்சும், முதலில் இந்த வேதம் யாருடைய சொத்து என்று கேளுங்கள் என்று வழக்கறிஞர் தொனியில் எழுதினார். கூர்மையான வாதம். ஆனால் கேள்வி கேட்க வந்தவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. அவரே பின்னாளில், புதிய தீர்க்கதரிசனம் வந்திருக்கிறது என்று சொன்ன மொந்தானு இயக்கத்தின் பக்கம் சாய்ந்தார்.

ஓரிகன் எல்லாவற்றையும் உருவகமாக்கினார் என்பது உண்மையா?

பாதி உண்மை. ஓரிகன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த வேத ஆசிரியர். ஆனால் அவர் எழுத்தை அலட்சியம் செய்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. எபிரேய மூலம், அதன் ஒலியைக் கிரேக்க எழுத்தில் எழுதியது, நான்கு கிரேக்க மொழிபெயர்ப்புகள் என்று ஆறு பத்திகளை அருகருகே வைத்து "எக்சப்லா" என்ற மாபெரும் ஒப்பீட்டைத் தயாரித்தவர். ஒவ்வொரு சொல்லாக எடை போட்டவர்.

அவருடைய கருத்து இது. மனிதனுக்கு உடல், ஆத்துமா, ஆவி இருப்பதுபோல வேதத்துக்கும் மூன்று தளங்கள் உண்டு. சொல்லின் நேர்ப்பொருள் உடல், வாழ்க்கையைத் திருத்தும் பொருள் ஆத்துமா, கிறிஸ்துவின் இரகசியத்தைக் காட்டும் பொருள் ஆவி. சில இடங்களில் நேர்ப்பொருள் தடுக்கி விழச்செய்யும். சூரியன் படைக்கப்படுமுன் மூன்று பகலும் மூன்று இரவும் எப்படி? உலகத்தின் ராஜ்யங்கள் எல்லாவற்றையும் ஒரே மலையிலிருந்து கண்ணால் காண முடியுமா? இந்தத் தடைக்கற்களைக் கடவுளே வேண்டுமென்று வைத்திருக்கிறார், நாம் நின்று ஆழமாகத் தோண்டவேண்டும் என்பதற்காக என்கிறார் ஓரிகன்.

சங்கீதம் 137இன் கடைசி வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "உன் குழந்தைகளைப் பிடித்து, கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்." இதை ஆராதனையில் வாசித்துவிட்டு ஒருவர் எப்படி வீட்டுக்குப் போவது? பாபிலோனின் குழந்தைகள் என்பது மனத்தில் அப்போதுதான் பிறந்த தீய எண்ணங்கள், வளருமுன் அவற்றை அழித்துவிடு என்று ஓரிகன் பொருள் சொன்னார். அந்தக் கல் கிறிஸ்துவே என்று பின்வந்தவர்கள் அதை விரித்தார்கள். பாபிலோனின் கரையில் அழுத கைதிகள் அதைத்தான் நினைத்துப் பாடினார்களா என்று கேட்டால், இல்லை என்பேன். அவர்களுடைய கோபம் உண்மையான கோபம். ஆனாலும் அந்தச் சங்கீதத்தைப் பகைவன் குழந்தைக்கு எதிரான ஆயுதமாக எடுக்கவிடாமல் ஓரிகன் ஒரு கதவை அடைத்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன்.

ஒரு யூத அறிஞரிடம் கேட்டதாக அவர் சொல்லும் படம் ஒன்று உண்டு. வேதம் பல அறைகள் உள்ள வீடு. எல்லா அறைகளும் பூட்டியிருக்கின்றன. ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சாவி கிடக்கிறது, ஆனால் அது அந்த அறையின் சாவி இல்லை. இந்த அறையின் சாவி வேறெங்கோ கிடக்கிறது. வீடு முழுவதும் நடந்து தேடினால்தான் எந்தக் கதவும் திறக்கும்.

டேசியுஸ் பேரரசனின் காலத்தில், சுமார் 250இல், முதிய வயதில் சித்திரவதை அனுபவித்தும் விசுவாசத்தை மறுக்காதவர் இவர். இறந்து முந்நூறு ஆண்டுகள் கழித்து 553இல் அவரைச் சபை கண்டனம் செய்தது எனக்கு இன்றும் வருத்தம் தருவது.

நல்ல சமாரியன் கதையில் இவ்வளவு இரகசியம் இருக்கிறதா?

ஓரிகன் தனக்கு முந்திய ஒரு மூப்பரின் விளக்கத்தைத் தருகிறார். வழியில் அடிபட்டவன் ஆதாம். எருசலேம் பரதீசு, எரிகோ இந்த உலகம். கள்வர் பகை வல்லமைகள். ஆசாரியன் நியாயப்பிரமாணம், லேவியன் தீர்க்கதரிசிகள். சமாரியன் கிறிஸ்து. சத்திரம் திருச்சபை. சத்திரத்தானிடம் கொடுத்த இரண்டு பணம் பிதாவும் குமாரனும். திரும்பி வருவேன் என்றது இரண்டாம் வருகை. பின்னர் வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்தீன் அந்தச் சத்திரக்காரனைப் பவுல் அப்போஸ்தலர் ஆக்கினார்.

இதில் எனக்கு இரண்டு மனம். குற்றுயிராய்க் கிடப்பவன் நானே, என்னைத் தூக்கிச் சுமப்பவர் கிறிஸ்து என்று கேட்கும்போது கண் கலங்குகிறது. ஆனால் இயேசு அந்தக் கதையைச் சொன்னது "எனக்குப் பிறன் யார்" என்று கேட்டவனுக்கு. "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று முடித்தார். எந்தப் பணம் எதற்கு அடையாளம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே, வீதியில் கிடப்பவனைத் தாண்டிப்போனால் நாமும் அந்த லேவியனே.

இதை அன்றைக்கு யாரும் எதிர்க்கவில்லையா?

அந்தியோகியாவில் எதிர்த்தார்கள். தர்சுவின் தியோதோர், அவருடைய மாணவர் மொப்சுவெஸ்தியாவின் தியடோர், யோவான் கிறிசோஸ்தோம் ஆகியோர் முதலில் வரலாற்றைப் பார் என்றார்கள்: யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சூழலில். உயர்ந்த பொருள் உண்டு, ஆனால் அது நடந்த நிகழ்வின் மேல் கட்டப்படவேண்டும், நிகழ்வைக் கரைத்துவிடக் கூடாது. உருவகக்காரர்கள் வேத வரலாற்றை இரவுக் கனவுபோல ஆக்கிவிடுகிறார்கள் என்று தியடோர் கடிந்தார்.

ஆனால் ஆகாரையும் சாராளையும் பற்றிப் பவுலே கலாத்தியரில் "இவைகள் ஞானார்த்தமுள்ளவைகள்" என்று எழுதியிருக்கிறாரே? நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு தந்த அழகான சொல் இது, ஞானார்த்தம். மூலத்தில் இருப்பது உருவகத்தைக் குறிக்கும் கிரேக்க வினை. பவுல் வழக்கத்துக்கு மாறாக, முன்னடையாளத்தை உருவகம் என்று சொல்லிவிட்டார் என்கிறார் கிறிசோஸ்தோம். ஆகாரும் சாராளும் உண்மையில் வாழ்ந்தவர்கள், அவர்கள் வாழ்வு வரவிருந்ததைச் சுட்டியது, அவ்வளவுதான் என்பது அவர் வாதம்.

தியடோரையும் 553இல் கண்டித்தார்கள். ஆனால் பாரசீகத்துக் கிழக்குத் திருச்சபை அவரை "விளக்கவுரையாளர்" என்றே அழைத்துப் போற்றியது. அந்தத் திருச்சபையோடு தொடர்புடைய கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களிடமும் அவர் பெயர் வந்து சேர்ந்தது. 1599இல் கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் போர்த்துகீசியப் பேராயர் கூட்டிய சங்கத்தில் அந்த நினைவையும் அழிக்க முயன்றார்கள்.

ஆரியுசும் வசனம்தான் காட்டினார். அவரை எப்படி மறுத்தார்கள்?

ஆரியுஸ் நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மூப்பராக இருந்தவர், குமாரன் பிதாவுக்குச் சமமானவர் இல்லை என்று போதித்தவர். நீதிமொழிகள் 8:22 அவருக்குப் பெரிய ஆயுதம். அங்கே ஞானம் பேசுகிறது. ஞானம் என்றால் குமாரன் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. நம் பழைய தமிழில் "என்னைத் தமது வழியின் ஆதியாகக் கொண்டிருந்தார்" என்று இருக்கும் இடத்தில், அவர்கள் வாசித்த கிரேக்கத்தில் "என்னைப் படைத்தார்" என்று இருந்தது. அப்படியானால் குமாரன் படைக்கப்பட்டவர் என்றார் ஆரியுஸ். வெறும் வசனப் போட்டியென்றால் அவர் கை ஓங்கியேயிருக்கும்.

அத்தனாசியுஸ் வேதம் முழுவதின் நோக்கத்தைக் காட்டினார். மீட்பரைப் பற்றி வேதம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: அவர் என்றும் கடவுள், பின்பு நமக்காக மனிதரானார். "பிதா என்னிலும் பெரியவர்" என்பதுபோன்ற வசனங்களை வாசிக்கும்போது, அந்த வசனம் இந்த இரண்டில் எதைக் குறித்துப் பேசுகிறது என்று பிரித்தறியவேண்டும்.

325இல் நிசேயா சங்கம் பிதாவும் குமாரனும் "ஒரே தன்மை" என்று பொருள்படும் "ஹோமோஊசியோஸ்" என்ற சொல்லைச் சேர்த்தது. அது வேதத்தில் இல்லாத சொல் என்று எதிர்ப்பு வந்தது. சொல் வேதத்தில் இல்லாவிட்டாலும் கருத்து வேதத்தினுடையது என்பது அத்தனாசியுஸின் பதில். வேதச் சொற்களை மட்டும் பயன்படுத்தினால், எதிரிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் தங்கள் பொருளை வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். சொல்லை மட்டும் காப்பாற்றினால் பொருள் கைநழுவிப்போகும் என்று சபை அன்று பட்டுத் தெரிந்துகொண்டது.

மொழிபெயர்ப்பு மாறினால் பொருள் மாறாதா?

இதற்காக ஒரு சபையே கொந்தளித்தது. இன்றைய லிபியாவின் திரிப்போலி அன்று ஓயா. அங்கே ஆயர் ஒருவர் ஜெரோமின் புதிய லத்தீன் மொழிபெயர்ப்பை ஆராதனையில் வாசிக்க வைத்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடி பழைய மொழிபெயர்ப்பில் சுரை. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் காதில் ஊறிய சொல். ஜெரோம் "ஐவி" என்ற கொடியின் பெயரைப் போட்டிருந்தார். கூச்சல் எழுந்தது. ஆயர் ஊரிலிருந்த யூதர்களிடம் போய் விசாரிக்கவேண்டியதாயிற்று. கடைசியில், சபையில்லாத ஆயராகிவிடக் கூடாதே என்று பழைய சொல்லுக்கே திரும்பினார். இதை 403இல் அகஸ்தீன் ஜெரோமுக்குக் கவலையோடு எழுதினார்.

ஜெரோமின் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கிறது. ஆனால் அவர் அந்தச் செடியை வருணிப்பதைப் பாருங்கள்: பலஸ்தீனத்தின் மணற்பாங்கான இடத்தில் வளர்வது, அகன்ற இலை, விரைவாகச் செடியாகி எழுவது, கொம்பு இல்லாமல் தன் தண்டிலேயே நிற்பது. இதற்கு லத்தீனில் பெயர் இல்லை என்கிறார். தமிழில் யோனா 4:6ஐத் திறந்து பாருங்கள், "ஆமணக்குச்செடி" என்று இருக்கிறது. கொல்லையில் ஆமணக்கு நிற்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு, ஜெரோம் தவித்த இடத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே சொல்லில் கடந்ததைப் பார்க்கும்போது பெருமையாக இருக்கிறது. நான்காம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லில் விரல் வைத்து ஒரு கணம் நிற்பேன்.

அகஸ்தீன் தரும் அளவுகோல் என்ன?

இளம் வயதில் பழைய ஏற்பாட்டை ஏளனமாக எண்ணியவர் அவர். மிலானில் ஆயர் அம்புரோஸ், "எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது" என்ற பவுலின் சொல்லை வைத்துப் பழைய ஏற்பாட்டைத் திறந்துகாட்டியபோது அந்த ஏளனம் உடைந்தது.

ஆயரானபின், சுமார் 396இல் வேத விளக்கம் பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கி, முப்பது ஆண்டுகள் கழித்து முடித்தார். தெளிவான பகுதிகளைக் கொண்டு தெளிவற்றவற்றை விளக்கு, மூலமொழி கற்றுக்கொள், மொழிபெயர்ப்புகளை ஒப்பிடு என்று பல அறிவுரைகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று: வேதத்தைப் புரிந்துகொண்டதாக ஒருவன் நினைத்தாலும், அந்தப் பொருள் கடவுள் அன்பையும் பிறர் அன்பையும் கட்டியெழுப்பவில்லையென்றால் அவன் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

அப்படியானால் அன்பு இருந்தால் எப்படியும் விளக்கலாமா? அதற்கும் பதில் வைத்திருக்கிறார். எழுதியவர் கருதாத பொருளை எடுத்துக்கொண்டு அன்பில் போய்ச் சேர்ந்தவன், பாதையை விட்டு வயல்வழியே நடந்து, பாதை சேரும் இடத்துக்கே போய்ச் சேர்ந்தவனைப் போன்றவன். அவன் பொய்யன் இல்லை. ஆனாலும் அவனைத் திருத்தவேண்டும், பாதை விலகும் பழக்கம் நாளைக்கு அவனை வேறெங்காவது கொண்டுபோய்விடும்.

அவர்கள் தவறியதே இல்லையா?

தவறினார்கள். பர்னபாவின் பெயரில் வழங்கும் பழைய நிருபம் ஒன்று, ஆபிரகாமின் 318 வேலைக்காரரில் கிரேக்க எண்ணெழுத்துப்படி 18 இயேசுவின் பெயரின் முதல் இரண்டு எழுத்து, 300 சிலுவை வடிவ எழுத்து என்கிறது. ஆதியாகமம் எழுதப்பட்டது எபிரேயத்தில். இப்படி எண்ணைக் கூட்டிக் கழித்து எதையும் நிறுவலாம்.

அது சிறிய தவறு. பெரிய தவறு யூதர்களைக் குறித்தது. தீர்க்கதரிசிகள் தம் சொந்த மக்களை அன்போடு கடிந்த சொற்களை எடுத்து, அயலாரை ஏசும் சொற்களாக மாற்றினார்கள். நான் மிகவும் மதிக்கும் கிறிசோஸ்தோமே 386, 387 ஆண்டுகளில் அந்தியோகியாவில் செய்த பிரசங்கங்கள் கொடியவை. பிற்காலத்தில் அவை செய்த தீங்கு பெரிது. ஓரிகனும் ஜெரோமும் யூத ஆசிரியர்களிடம் கற்றவர்கள், சாவி உவமையே யூதரிடமிருந்து வந்தது என்பதை நினைத்தால் இந்தக் குற்றம் இன்னும் கனக்கிறது. அகஸ்தீனின் அளவுகோலை அவர்கள்மீதும் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

ஒரு வசனத்துக்கு ஒரே பொருள்தானா?

சிரியாக் கவிஞர் எப்ரேம், 373இல் எதேசாவில் இறந்தவர், இப்படிச் சொன்னார்: தாகத்தோடு வந்தவன் ஊற்றில் குடித்து மகிழ்கிறான், ஊற்று முழுவதையும் குடித்துத் தீர்க்க முடியவில்லையே என்று வருந்துவதில்லை. ஊற்று உன் தாகத்தை வெல்லட்டும், உன் தாகம் ஊற்றை வற்றடிக்க வேண்டாம். அடுத்த முறை தாகம் எடுக்கும்போதும் தண்ணீர் இருக்கும். கிடைத்த பொருளுக்கு நன்றி சொல், மிச்சமிருப்பதற்காக முகம் வாடாதே.

ஆகவே பல பொருள் உண்டு. ஆனால் ஊற்று ஒன்றே. நரியையும் அரசனையும் ஒரே கல்லில் பார்க்க இது அனுமதி தரவில்லை.

நான் படிக்காதவள். குடும்பம், வேலை. இதெல்லாம் ஆயர்களுக்குத்தானே?

இதே சாக்கைக் கிறிசோஸ்தோமின் சபையாரும் சொன்னார்கள்: "நான் துறவி இல்லை, மனைவி மக்கள் இருக்கிறார்கள்." உனக்குத்தான் துறவியைவிட அதிகம் தேவை, போர்க்களத்தில் நிற்பவன் நீ, காயப்படுபவன் நீ என்றார் அவர். கொல்லனோ பொற்கொல்லனோ எவ்வளவு பசித்தாலும் தன் சுத்தியலையும் குறட்டையும் விற்கமாட்டான், விற்றால் பிழைப்பு போய்விடும். வேதப் புத்தகங்கள் உங்கள் தொழிற்கருவிகள் என்றார். அடுத்து எதைக்குறித்துப் பேசப்போகிறார் என்பதைப் பல நாள் முன்பே சொல்லி, வீட்டில் வாசித்துவிட்டு வரச்சொன்னார்.

எத்தியோப்பிய மந்திரியையும் அவர் காட்டுகிறார். பயணத்தில், ரதத்தில், பொருள் தெரியாமலே ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தவர். "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டு, முன்பின் அறியாத பிலிப்புவை ரதத்தில் ஏறி உட்காரச் சொன்னார். பொருள் தெரியாததால் அவர் புத்தகத்தை மூடிவிடவில்லை, தெரியும் என்றும் நடிக்கவில்லை.

முதலில் எதை வாசிக்கலாம்?

அத்தனாசியுஸ் வார்த்தை மாம்சமானதைக் குறித்து எழுதிய சிறு நூல். அதைக் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்கினாலும் தவறில்லை. சூரிய ஒளியைப் பார்க்க விரும்புகிறவன் கண்ணைத் துடைத்துக்கொள்வான், ஒரு நகரத்தைப் பார்க்க விரும்புகிறவன் அந்த இடத்துக்குப் போவான், வேதம் எழுதிய பரிசுத்தவான்களின் மனத்தை அறிய விரும்புகிறவன் முதலில் அவர்களைப்போல வாழ்ந்து தன் ஆத்துமாவைக் கழுவவேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறார். எங்கள் வகுப்பில் அடுத்து அதைத்தான் எடுக்கிறோம். முதல் கேள்வி கேட்ட பெரியவரையே வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.